ஹாலுக்கு கார்பெட் போடலாமா? எந்த சைஸ், எந்த நூலு? (கடலூர், பாண்டி வீடுகளுக்கு)

மஞ்சக்குப்பம் மருமகள் கேட்டது, 2025 ஜனவரி 9

அக்கா, கடலூர்ல புது வீட்டுக்கு வந்துருக்கோம். ஹால் 12க்கு 16 அடி, தரை வெள்ளை விட்ரிஃபைட் டைல்ஸ், சோபா 7 அடி. நடுவுல ஒரு கார்பெட் போட்டா நல்லாருக்கும்னு ஆசை. ஆன்லைன்ல 5க்கு 8 கட்டுப்படியாகுது, 8க்கு 10 ரெண்டு மடங்கு வெல. மாமியார் "கடலோரத்துல கார்பெட் போட்டா வீடே நாறும், ஃபெஞ்சல் புயல்ல பாத்தோம்ல"ன்றாங்க. வீட்ல 3 வயசு பையன் இருக்கான், மாமியாருக்கு முட்டி வலி. போடலாமா வேணாமா?

ஜனவரி 9, இரவு

போடலாம். ஆனா உங்க மாமியார் சொல்றத தள்ளிடாதீங்க, பாதி விஷயம் அதுலதான் இருக்கு. கலர், டிசைன் எல்லாம் அப்புறம். முதல்ல ஒரே ஒரு கேள்வி: அந்த கார்பெட் தண்ணில நனைஞ்சா உங்க வீட்ல இருக்கறவங்களால அத மொட்டை மாடிக்கு தூக்கிட்டு போய் ரெண்டு நாள்ல காய வைக்க முடியுமா? முடியும்னா வாங்குங்க. டெல்லிலயோ பெங்களூர்லயோ இருக்கறவங்களுக்கு இந்தக் கேள்வியே வராது, நமக்கு ஐப்பசி கார்த்திகைல துணியே மூணு நாள் காயாது.

சைஸ் நாளைக்கு எழுதறேன், அதுல நெறய இருக்கு.

ஜனவரி 10

சைஸ். கடைல பாக்கறப்ப பெருசா தெரியறது வீட்ல கொண்டாந்து போட்டா சின்னதா போயிடும், எல்லார் வீட்லயும் நடக்கறது இதுதான், ஏன்னா கடைல அத தனியா விரிச்சு காட்றாங்க, வீட்ல அதுக்குப் பக்கத்துல சோபா நிக்குது. டேப் வச்சு அளந்தாலும் மனசுல நிக்காது. அதனால வீட்ல இருக்கற துணியவே விரிச்சுப் பாருங்க. நாலு முழ வேட்டி கிட்டத்தட்ட 4க்கு 6 கார்பெட் அளவு. சிங்கிள் பெட்ஷீட் 60க்கு 90 அங்குலம், அதாவது 5 அடிக்கு ஏழரை அடி, உங்க 5க்கு 8க்கு சரியா வரும். அதே சிங்கிள் ரெண்ட நீளப்பக்கம் சேத்து போட்டா 10க்கு ஏழரை, அது உங்க 8க்கு 10. விரிச்சுட்டு ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்க. காலைல எங்க நடக்கறீங்க, பையன் எங்க உக்காந்து விளையாடறான், வாசக்கதவு உள்ள திறக்கறப்ப துணி மேல இடிக்குதா, எல்லாம் தெரிஞ்சுடும்.

கணக்குன்னு பாத்தா, சோபாவோட முன்கால் ரெண்டும் கார்பெட் மேல ஏறணும். சோபாவ விட ரெண்டு பக்கமும் ஒரு அரை அடி நீண்டு நிக்கணும். உங்க சோபா 7 அடின்னா 8 அடி நீளம் கண்டிப்பா வேணும், கார்பெட்டோட அந்த 8 அடிப் பக்கம் சோபாவுக்கு இணையா ஓடணும். ஆக 5க்கு 8 உங்களுக்கு நீளத்துல போதும், அகலத்துலதான் கொஞ்சம் குறையும், முன்கால் ஏறி டீப்பாய் போட்டதும் எதிர்ல கால் வைக்க எடம் இருக்காது. நடுவுல 6க்கு 9ன்னு ஒரு சைஸ் இருக்கு, ஆன்லைன்ல தேடுங்க. 8க்கு 10ன்றது 80 சதுர அடி, 6க்கு 9ன்றது 54. தூக்கி காயப்போடறப்ப இந்த வித்தியாசம் இடுப்புல தெரியும்.

சுவத்துலேந்து சுவர் வரைக்கும் மூடாதீங்க. சுத்தி ஒண்ணு ஒன்றரை அடி தரை தெரிஞ்சாதான் மாப் போட எடம் இருக்கும், ஹாலும் பெருசா தெரியும்.

ஜனவரி 10, திரும்ப

டைனிங் டேபிள் அடில போடலாமான்னு கீழ ஒருத்தர் கேட்டிருக்காங்க. நாற்காலிய பின்னாடி இழுத்தாலும் கால் கார்பெட்லயே நிக்கணும்னா டேபிள விட நாலு பக்கமும் 2 அடி கூட வேணும். 3க்கு 5 டேபிளுக்கு 7க்கு 9 கார்பெட். அவ்ளோ பெரிய துணிய ரசம் ஊத்தற எடத்துல விரிக்கணுமா? வேணாம்னு சொல்லுவேன்.

ஜனவரி 11

இப்ப நூலு. நான் பாத்தது, சொந்தக்காரங்க வீட்ல நடந்தது எல்லாம் சேத்து எழுதறேன்.

சணல் கார்பெட் படத்துல அழகா இருக்கும், நம்மூருக்கு வேணாம். தண்ணி பட்ட எடம் பழுப்பா மாறி நின்னுடும், திரும்ப தண்ணி போட்டு துடைச்சா அந்த வட்டம் இன்னும் பெருசாகும். ஈரக்காத்துக்கு பூஞ்சையும் பிடிக்கும்.

விஸ்கோஸ், இத "ஆர்ட் சில்க்", "பேம்பூ சில்க்"னு பேர் போட்டு விப்பாங்க. பளபளன்னு பட்டு மாதிரி இருக்கும். ஈரம் பட்டா அந்த நூலுக்கு பலமே போயிடும், மஞ்ச ஏறும், இழை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி விறைச்சுக்கும். சின்னப்பிள்ளை இருக்கற வீட்ல இத கனவுல கூட நினைக்காதீங்க.

பாலிப்ரொப்பிலீன், மிஷின்ல நெஞ்சது, பானிபட்லேந்தும் துருக்கிலேந்தும் நெறய வருது. வெல கம்மி, நூலு தண்ணிய குடிக்காது, சாயம் போகாது. ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, எண்ணெய் பட்டா பிடிச்சுக்கும், விடாது. இன்னொண்ணு, 160 டிகிரி பக்கத்துல உருகிடும், சாம்பிராணி போடறப்ப ஒரு நெருப்புத்துளி விழுந்தா ஓட்டைதான். அப்புறம் திருப்பி அடிப்பக்கம் பாருங்க, மேல பிளாஸ்டிக் நூலா இருந்தாலும் அடில சணல் வச்சிருப்பாங்க. மேல காஞ்சுடும், அடில ஈரம் நிக்கும், நாத்தம் அங்கேந்துதான் வரும்.

காட்டன்ல நெஞ்ச தட்டையான துரி, ஜமுக்காளம் எல்லாம் ஒரே குடும்பம். துவைக்கலாம், ரெண்டு பக்கமும் போடலாம், அந்துப்பூச்சி அரிக்காது. மெல்லிசு, அதனால டைல்ஸ் மேல வழுக்கும், அதுக்கு வழி இருக்கு, பின்னாடி சொல்றேன்.

கம்பளி நம்ம கடலோரத்துக்கு ஒத்து வராது.

ஜனவரி 12, ஞாயிறு

பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்கு போகப்போறேன்னு ஒருத்தர் எழுதியிருக்கார், கார்பெட் வாங்கலாமான்னு. கால்மிதி, சின்ன விரிப்பு தாராளமா வாங்குங்க. பெருசு வாங்கறதா இருந்தா நின்னு நிதானமா பின்பக்கத்த திருப்பிப் பாருங்க. கையால முடிச்சு போட்டதுன்னா முன்னாடி இருக்கற டிசைன் பின்னாடியும் அப்படியே தெரியும், முடிச்சு கொஞ்சம் ஏத்த இறக்கமா இருக்கும். பின்னாடி கேன்வாஸ் துணி ஒட்டியிருந்தா அது டஃப்டட், கைத்துப்பாக்கி மாதிரி ஒரு கருவில நூல குத்தி லேடெக்ஸ் பசை போட்டு ஒட்டினது. ரெண்டுக்கும் "ஹேண்ட்மேட்"னு ஒரே சீட்டுதான் தொங்கும்.

ஓரத்துல ஒரு இழை உருவித் தரச்சொல்லி வெளில வந்து கொளுத்திப் பாக்கலாம், நல்ல கடைக்காரர் தருவார். முடி கருகற வாசனை வந்து தானா அணைஞ்சா கம்பளி. காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலானா காட்டன் இல்ல விஸ்கோஸ். உருகி கெட்டி மணியா நின்னா பிளாஸ்டிக்.

ஜனவரி 13, போகி

பழைய கார்பெட்ட, பிளாஸ்டிக் பாய தயவுசெஞ்சு போகில கொளுத்தாதீங்க. லேடெக்ஸும் பாலிப்ரொப்பிலீனும் எரிஞ்சு வர்ற கரும்புகை மூச்சுக்குழாய்க்குள்ள போறது, பக்கத்து வீட்ல கைக்குழந்தை இருக்கும். வெட்டி மாட்டுக்கொட்டாய்க்கோ, நாய் படுக்கவோ, வண்டி டிக்கில விரிக்கவோ குடுத்துடுங்க.

ஜனவரி 17

குயிலாப்பாளையத்துலேந்து ஒரு அம்மா, கம்பளி பத்தி நான் எழுதினது பொருந்தாதுன்னு விளக்கமா எழுதியிருக்காங்க. வீட்ல கையால முடிச்சு போட்ட கம்பளி கார்பெட் வருஷக்கணக்கா கெடக்குதாம், ஒரு மழைக்கும் நாறினதில்லையாம். படிச்சுட்டு யோசிச்சேன், அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. கம்பளி தன் எடைல கிட்டத்தட்ட 30 சதவீதம் வரைக்கும் காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கிட்டு தொட்டா ஈரம் தெரியாம இருக்கும், வெயில் வந்ததும் திருப்பி விட்டுடும். அதோட உள்ளயே இருக்கற லேனோலின்ற கொழுப்பால அழுக்கும் சட்டுனு ஒட்டாது.

அப்ப நாங்க பாத்த நாத்தம் எங்கேந்து வந்துச்சு? என் தங்கச்சி வீடு பாண்டி ரெயின்போ நகர். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் கரையைக் கடந்தப்ப கொட்டின மழைல தெருத்தண்ணி வீட்டுக்குள்ள வந்துடுச்சு, கரண்ட் இல்ல, ஃபேன் இல்ல. கிரகப்பிரவேசத்துக்கு சொந்தத்துல ஒருத்தர் குடுத்த கம்பளி கார்பெட் ஒண்ணு, டஃப்டட், முழுக்க ஊறிப்போச்சு. தண்ணி வடிஞ்சப்புறம் நாலு பேர் சேந்து மாடிக்கு தூக்கினாங்க. மேல கம்பளி காஞ்சுடுச்சு. அடில பசைக்கும் கேன்வாஸுக்கும் நடுவுல நின்ன ஈரம் காயவே இல்ல. பொங்கல் வரைக்கும் வெயில்ல போட்டும் அந்த வாடை போகல, தட்டினா பசை மஞ்ச மாவா உதிருது. அத வச்சுதான் கம்பளியே ஆகாதுன்னு எழுதினேன். இப்ப மாத்திக்கறேன்: பசை வச்ச கம்பளி ஆகாது. பசை இல்லாம நெஞ்ச, முடிச்சு போட்ட கம்பளி, காத்தோட்டம் இருக்கற ரூம்ல, வெள்ளத்தண்ணி வராத வீட்ல தாராளமா போடலாம்.

ஆனா பூச்சி இருக்கு. அந்துப்பூச்சி புழு கம்பளியத்தான் திங்கும், அதுவும் சோபாவுக்கு அடில மாட்டிக்கிட்ட இருட்டான பகுதிய. மாசம் ஒரு தடவ சோபாவ நகத்தி அந்த எடத்த தட்டுங்க.

ஜனவரி 18

தரைத்தளம்னா காட்டன், மாடி ரூம்னா கம்பளி. மேல எழுதினத இந்த ஒரு வரில வச்சுக்கலாம். தெருவ விட உங்க வாசப்படி எவ்ளோ உயரம்னு மஞ்சக்குப்பம் மருமகள் சொல்லவே இல்லையே? கெடிலம் ஆத்துப் பக்கமா?

ஜனவரி 26

வாசப்படி மூணு படி உயரம், டிசம்பர் வெள்ளத்துல தெருவுல தண்ணி நின்னுது, உள்ள வரலன்னு எழுதியிருக்காங்க. நல்லது. அப்ப வெள்ளத்த விட தினசரி கறைதான் உங்க பிரச்சனை.

பையன் மூத்திரம் போனா உடனே பழைய துண்ட வச்சு அழுத்தி உறிஞ்சணும், தேய்க்கக்கூடாது, தேய்ச்சா உள்ள இறங்கும். அப்புறம் தண்ணில கொஞ்சம் வினிகர் கலந்து ஒத்தி எடுத்துட்டு, அடிலயும் மேலயும் காத்து போற மாதிரி தூக்கி ஒரு ஸ்டூல் மேல போட்டு ஃபேன் போடுங்க. கம்பளின்னா ப்ளீச்சிங் பக்கமே போகாதீங்க, ப்ளீச் கம்பளிய கரைச்சே விட்டுடும்.

மஞ்சக்கறை. சாம்பார் கொட்டினதும் சோப்பு போட்டா கறை செவப்பா மாறும், பயந்துடாதீங்க, மஞ்சளுக்கு காரம் பட்டா அந்த நிறம்தான் வரும். சோப்ப நல்லா அலசிட்டு வெயில்ல போடுங்க. மஞ்சள் நிறம் வெளிச்சத்துக்கு நிக்காது, ரெண்டு மூணு வெயில்ல மங்கிடும். எங்க வீட்டு காட்டன் விரிப்புல இப்படித்தான் பருப்புக்கறை போச்சு.

தேவனாம்பட்டினம் பீச்சுக்கு போயிட்டு வந்தா கால் கழுவிட்டு ஏறுங்க. மணல் கார்பெட்டுக்குள்ள இறங்கி உக்காந்துக்கும், ஒவ்வொரு மிதிக்கும் நூல அடிலேந்து அறுக்கும். நடக்கற எடத்துல மட்டும் கார்பெட் மொட்டையாறதுக்கு காரணமே அதுதான். வாரம் ஒரு தடவ கார்பெட்ட குப்புற போட்டு மேல நடங்க, இல்ல தட்டுங்க, அப்புறம் தூக்கிப் பாருங்க தரைல எவ்ளோ மணல்னு.

பிப்ரவரி 8

இது மாமியாருக்காக. இதத்தான் முதல்லயே எழுதியிருக்கணும்னு இப்ப தோணுது, ஏன்னா கறை போகலன்னா துணிதான் போச்சு, வயசானவங்க விழுந்தா இடுப்பெலும்பு.

விட்ரிஃபைட் டைல்ஸ் மேல மெல்லிசு விரிப்பு சும்மா போட்டா சறுக்கும், கண்டிப்பா சறுக்கும். அடில வழுக்காத பேட் போடுங்க, கார்பெட்ட விட எல்லாப் பக்கமும் ஒரு அங்குலம் சின்னதா வெட்டி, அப்பதான் ஓரம் தரையோட படியும். பிவிசி பேட் வேணாம், நம்ம வெக்கைக்கு அது இளகி தரைல ஒட்டி கறையாக்கும். ரப்பரும் ஃபெல்ட்டும் சேந்தது நல்லது. எங்க வீடு முத்தியால்பேட்டைல பழைய செவப்பு ஆக்சைடு தரை, அதுக்கு நான் எந்த ரப்பரும் வைக்கறதில்ல, விரிப்போட ஒரு ஓரத்த சோபா கால் அடில மாட்டி நிறுத்தியிருக்கேன். ஆத்தங்குடி கல்லு போட்ட வீட்டுக்காரங்களும் அப்படியே செய்யலாம்.

நூல் உயரம் அரை அங்குலத்துக்கு கீழ இருக்கணும். புசுபுசுன்னு இருக்கற ஷேகி கார்பெட் கால இழுக்கும், தடிய ஊன்றினா முனை மாட்டும். ரூம்லேந்து பாத்ரூம் போற வழில எதுவும் போடாதீங்க, ராத்திரி அரைத்தூக்கத்துல போற வழி அது. வாசக்கதவுக்கு நேராவும் வேணாம்.

முட்டி வலிக்கு மெத்துன்னு இருந்தா நல்லதுன்னு மாமியார் சொல்றாங்களாம். நின்னு வேலை செய்யற எடத்துக்கு அது சரி. ஆனா தரைல உக்காந்து எழுந்திரிக்கறது கஷ்டம்னா கார்பெட் அதுக்கு மருந்தாகாது, பக்கத்துல கைப்பிடி வச்ச நாற்காலி ஒண்ணு இருக்கட்டும்.

பிப்ரவரி 9

டஸ்ட் அலர்ஜி, வீசிங் இருக்கற பிள்ளைக்கு கார்பெட்? பெட்ரூம்ல வேணாம். தூசிப்பூச்சி ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல இருந்தா பெருகும், நம்மூர்ல வருஷம் முழுக்க அந்த ஈரம் இருக்கு. துவைக்க முடிஞ்ச காட்டன் துரி மட்டும், அதுவும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு. இல்லன்னா கோரைப்பாய் இருக்கவே இருக்கு.

மார்ச் 2

கொஞ்சம் வேற பக்கம் போறேன். வெள்ளைக்காரத் தெரு பக்கம் காஷ்மீர்க்காரங்க கடை இருக்குல்ல, வாங்கறதோ இல்லையோ ஒரு தடவ உள்ள போய் உக்காந்து பாருங்க. ஒவ்வொண்ணா விரிச்சு காட்டுவாங்க. ஒரு அங்குலத்துல நீளவாக்குல 16, அகலவாக்குல 16 முடிச்சுன்னா சதுர அங்குலத்துக்கு 256. ஒரு சதுர அடிக்கு 36 ஆயிரத்துக்கு மேல முடிச்சு, ஒவ்வொண்ணும் ஒரு கை போட்டது. தறில டிசைன படமா பாத்து நெய்யறதில்ல, "தாலிம்"னு ஒரு குறியீட்டு எழுத்து, எந்த நிறம் எத்தன முடிச்சுன்னு சீட்டுல எழுதி வச்சு படிச்சுக்கிட்டே நெய்வாங்க. காஷ்மீர் கார்பெட்டுக்கு 2016ல புவிசார் குறியீடு கெடைச்சுது, உத்தரப்பிரதேசத்துல பதோகி கார்பெட்டுக்கு அதுக்கு முன்னாடியே 2010ல.

கம்மி வெலைக்கு கைமுடிச்சு கார்பெட்னு யாராவது சொன்னா எனக்கு ரெண்டு பயம். ஒண்ணு அது மிஷின். இன்னொண்ணு அது உண்மைலயே கை, ஆனா சின்னப்பிள்ளை கை. கார்பெட் தறில பிள்ளைகள உக்கார வச்ச கொடுமைக்கு எதிராத்தான் கைலாஷ் சத்யார்த்தி 1994ல ரக்மார்க்ன்ற முத்திரைய தொடங்கினார், அது இப்ப குட்வீவ்ன்ற பேர்ல இருக்கு, கார்பெட் பின்னாடி நம்பரோட சீட்டு இருக்கும். 2014ல அவருக்கு நோபல் கெடைச்சப்ப எல்லாரும் பேசினோம், கடைல போய் நிக்கறப்ப அந்த சீட்ட கேக்கறவங்க ரொம்ப கம்மி. கேளுங்க. இதுல நான் பிடிவாதமா இருப்பேன்.

மார்ச் 20

மஞ்சக்குப்பம் மருமகள் பெட்ஷீட் விரிச்சு பாத்துட்டாங்க. 8க்கு 10 போட்டா வாசக்கதவு இடிக்குது, 6க்கு 9 போதும்னு முடிவு. காட்டன். இப்ப கேள்வி, ஆன்லைன் துரியா பவானி ஜமுக்காளமா?

எனக்கு பவானிதான். ஈரோடு மாவட்டத்துல பவானில கைத்தறில நெய்யற முரட்டு காட்டன், பட்டைப் பட்டையா கெட்டி நிறம், 2005லயே புவிசார் குறியீடு வாங்கினது. கல்யாண வீட்ல பந்திக்கும் கச்சேரிக்கும் இத்தன பேர் மிதிச்சு, மழைல நனைஞ்சு, சுருட்டி லாரில ஏத்தி, திரும்ப விரிக்கற பொருள் இது. ஹால்ல ஒரு சோபா முன்னாடி கெடக்கறதா அதுக்கு கஷ்டம்? வாங்கறப்ப கைத்தறியான்னு கேட்டு வாங்குங்க, விசைத்தறில போட்டு அதே பேர்ல விக்கறதும் இருக்கு.

அரியாங்குப்பம் வாத்தியார் ஒருத்தர், ஜமுக்காளம் நம்ம கேக்கற அடிக்கணக்குக்கு சரியா வராதேன்றார். சரிதான் சார், கடைல இருக்கற அளவுல 6க்கு 9க்கு பக்கத்துல வர்றத எடுக்கணும், நீளம் கூட இருந்தா சோபா அடில தள்ளிடலாம். நெசவாளர் கூட்டுறவு சங்கத்துல கேட்டுப் பாக்கலாம்.

நிறம் மட்டும் ஒரு வார்த்தை: வெள்ளை டைல்ஸுக்கு வெளிர் நிறம் எடுக்காதீங்க, கால் அழுக்கு ஒரு வாரத்துல தெரியும். வாங்கினதும் வெள்ளைத்துணிய நனைச்சு ஒரு ஓரத்துல அழுத்தி தேய்ங்க. செவப்போ பச்சையோ துணில ஏறினா முதல் ரெண்டு அலசு தனியா, சாதா தண்ணில. வெந்நீர் வேணாம்.

மே 6

கத்திரி ஆரம்பிச்சாச்சு. வருஷத்துல பெரிய விரிப்ப அலசறதுக்கு இதத்தவிர நல்ல நேரம் கெடையாது. காலைல 7 மணிக்குள்ள மாடில விரிச்சு, தண்ணி விட்டு, மெல்லிசா சோப்பு போட்டு, மெத்துன்னு இருக்கற ப்ரஷ்ல நூல் ஓடற பக்கமா தேய்ச்சு, சோப்பு நுரை துளி இல்லாம அலசி, கைப்பிடிச்சுவர்ல மடிக்காம தொங்க விடுங்க. சோப்பு தங்கினா அடுத்த மாசமே அழுக்க இழுக்கும். பகல் உச்சி வெயில்ல நல்ல பக்கம் மேல இருக்கக்கூடாது, வெளுத்துடும், குப்புறத் திருப்பிடுங்க. ஹாலுக்குள்ள ஜன்னல் வெயில் ஒரே பக்கம் விழுதுன்னா ஆறு மாசத்துக்கு ஒரு தடவ தலைமாத்தி போடுங்க.

மழைக்காலத்துல எடுத்து வைக்கறதா இருந்தா நல்லா காஞ்சப்புறம் சுருட்டுங்க, மடிக்காதீங்க, பாலித்தீன்ல கட்டாதீங்க, பழைய பருத்திப் புடவைல சுத்தி பரண்ல இல்லாம கட்டில் மேலயோ பீரோ மேலயோ வைங்க. கம்பளியா இருந்தா காஞ்ச வேப்பிலை உள்ள போடலாம். அந்துருண்டை வச்சா சின்னப்பிள்ளைக்கு எட்டக்கூடாது, அது விஷம்.

மே 7

மருமகள் படம் அனுப்பியிருக்காங்க, செவப்பும் பச்சையும், நல்லாருக்கு. மாமியார் மத்தியானம் அது மேலதான் தலகாணி போட்டு படுக்கறாங்களாம். ஓரத்துல குஞ்சம் நீளமா தொங்குது, பையன் கால்ல மாட்டுது, வெட்டிடட்டுமான்னு கேக்கறாங்க.

வெட்டாதீங்க. குஞ்சம் அலங்காரத்துக்கு ஒட்டினது இல்ல, நீளவாக்குல ஓடற பாவுநூலோட மிச்சம் அது, ஒட்ட வெட்டினா குறுக்க ஓடற ஊடைநூல் ஒவ்வொண்ணா கழண்டு வரும். நாலு நாலு இழையா எடுத்து துணியோட ஒட்டி இறுக்கமா முடிச்சு போடுங்க, பாதி நீளம் குறைஞ்சுடும். அப்பவும் மாட்டுதுன்னா முடிச்சோட சேத்து குஞ்சத்த அடிப்பக்கமா மடிச்சு கெட்டி நூல்ல தையல் போட்டுடுங்க, இல்ல ஒரு பட்டைத்துணிய ஓரத்துக்கு வச்சு தைக்கச் சொல்லுங்க, தெருமுனை டெய்லரே செஞ்சு தருவார்.